நுரை அடங்காத எண்ணெய்

கால கொஞ்சம் இப்பிடி ஓரமா வெச்சுக்குங்கம்மா. அந்தச் சிவப்பு மூடி டப்பாவுல இடிச்சிராதீங்க. நீல மூடி பரவால்ல, அது மேல காலத் தூக்கி வெச்சுக்கிட்டாக்கூட ஒண்ணும் ஆவாது. சிவப்புதான் ஆவாது. பயப்படாதீங்க, மூணு சுத்து துணி கட்டி, அதுக்கு மேல சைக்கிள் டியூப்பு போட்டு இறுக்கியிருக்கறேன். பண்ருட்டியில ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு, "என்னாம்மா, மண்ணெண்ணெயா?"ன்னு. "முந்திரி வார்னிஷுப்பா"ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. நல்ல மனுசன்.

கடலூருதானே எறங்கணும்? நானும் கடலூருதான். தலையில குத்தியிருக்கற கிளிப்பு நல்லா இருக்கும்மா. பச்சைக் கல்லு. ஓரத்துல ஒரு கல்லு வுழுந்துடுச்சி போலருக்கு. அது கெடக்கட்டும், யாரு பாக்கப் போறா.

நான் அவ்வளவா பேசற பொம்பளை கெடையாது. எங்க குழுவுல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பெரியநாயகி மகளிர் குழு. பதினோரு பேரு, தலைவி நாந்தான், திலகவதின்னு பேரு. காடாம்புலியூர் தாண்டி உள்ளார போவணும் எங்க ஊருக்கு. எல்லாருக்கும் முந்திரி ஒடைக்கற வேலதான். கொட்டைய ஒடச்சிப் பருப்ப எடுத்துட்டா தோடு மலையாட்டம் மிச்சமாவும். செங்கச் சூளைக்காரன் வந்து எரிக்க அள்ளிக்கினு போவான். அந்தப் பொக ஊருக்குள்ள வந்துச்சின்னா பூனகூட இருமும்.

அந்தத் தோட்டுல ஒரு எண்ணெ இருக்குதும்மா. கையில பட்டா கொப்புளமாப் பொத்துப் போயிடும். ஆனா நான் கொட்டை ஒடைக்கற பலகை இருக்கு பாருங்க, வேப்பம் பலகை, பன்னெண்டு வருஷமா மண்ணுத் தரையில கெடக்குது. ஒரு கரையான் கிட்ட வந்ததில்ல. மழத்தண்ணி பட்டா முத்து முத்தா உருண்டு ஓடும். விவசாய ஆபீஸுலேருந்து ஒரு பொண்ணு, சுடர்மதின்னு பேரு, எங்களுக்குப் பயிற்சி குடுக்க வந்துச்சி. அந்தப் பலகையத் தடவிப் பாத்துட்டு, "அக்கா, இதைத்தான் நான் அஞ்சு வருஷமாப் படிச்சேன்"னுச்சி. நான் படிக்காமலே உக்காந்திருந்தேன் அது மேல!

அப்பறம் ஆரம்பிச்சோம். தோடெல்லாம் செக்குல போட்டுப் பிழியணும், பெரிய அண்டாவுல ஊத்திக் காய்ச்சணும். காய்ச்சக் காய்ச்ச நுரை பொங்கிக்கினு வரும். அந்த நுரை சுத்தமா அடங்கணும். அடங்கிடுச்சின்னா பொத்தற குணம் போயிடுச்சின்னு அர்த்தம். அப்பறம் ஆளிவிதை எண்ணெயில குங்கிலியத்தக் கரைச்சி இதுல கலந்து வடிகட்டுனா வார்னிஷு. தின்னரு கெடையாது, நாத்தம் கெடையாது, கண்ணெரிச்சல் கெடையாது. மரத்துக்கு அடிச்சா கருஞ்செவப்பா ஒரு பளபளப்பு வரும் பாருங்க, புதுப் பொண்ணு கன்னம் தோத்துடும்.

சுடர்மதி ரெண்டு விஷயம் சொல்லிச்சி. "தெர்மாமீட்டர் வெச்சிப் பாருங்கக்கா. ஒவ்வொரு அண்டாவும் எறக்குனதும் யாராவது ஒருத்தர் கையில ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்க"ன்னு. தெர்மாமீட்டர் எதுக்கு? எனக்குக் கண்ணு இல்லயா? ஆனா கையில தடவிப் பாக்கறத நான் ஒரு நாளும் தவறவுட்டதில்ல. வேற யாரு கையையும் கேக்க மாட்டேன், என் கைதான். தலைவின்னா சும்மாவா?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊரு பிரசிடெண்ட்டு தணிகாசலம், எனக்குக் கொழுந்தன். வூட்டுக்காரரோட சொந்தத் தம்பி. அவுரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் கல்யாணத்துல பந்தியில எங்க அப்பாவ ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சாரு. அத நான் அன்னைக்கே மறந்துட்டேன். முப்பத்தோரு வருஷம் ஆவுது.

அவுருக்கு ஒரு நாற்காலி. மாமனாரு செஞ்சி போட்டது, தேக்கு, கைப்பிடியில சிங்க மூஞ்சி. காலையில பத்து மணிக்கு அதுல உக்காந்தாருன்னா அவ்வளவுதான். குழாயில தண்ணி வரலன்னு போய் நில்லுங்க, "பாக்கலாம்". தெருவெளக்கு எரியலன்னு நில்லுங்க, "பாக்கலாம்". எத்தன பேரு நின்னாலும் அவுரு உக்காந்தேதான் பாப்பாரு. நான் அண்ணி, எனக்கும் அதே "பாக்கலாம்"தான்.

போன சித்திரையில புது பஞ்சாயத்து ஆபீஸ் தெறப்பு வெச்சாங்க. பி.டி.ஓ வர்றாரு. கொழுந்தனாரு வூட்டுக்கு வந்து, "அண்ணி, நாற்காலிக்கு உங்க வார்னிஷ் அடிச்சிக் குடுங்க. பி.டி.ஓ பாத்தாருன்னா யூனியன் பள்ளிக்கூடத்து பெஞ்சு வேலை எல்லாம் உங்களுக்கே வாங்கித் தர்றேன்"னாரு. முந்நூறு பெஞ்சும்மா! பதினோரு பொம்பளைங்களுக்கு ஒரு வருஷம் வேல. அன்னைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில படல.

அண்டா வெச்சோம். நுரை நல்லாப் பொங்கிக்கினு இருக்குது, இவுரு வந்து நிக்கறாரு. "அண்ணி, தெறப்பு ஒரு நாள் முன்னாடி வந்துடுச்சி, சீக்கிரம்!" மானமும் கருத்துக்கினு வருது. என்னா பண்றது? பாதி நுரை அடங்கியிருந்துச்சி. பாதின்னா பாதிக்கும் மேலயே இருக்கும். எறக்கிட்டேன். எறக்குனது நானுதான், ஆனா எறக்க வெச்சது அவுரு. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

கையில தடவிப் பாத்தேன். அத விடுவேனா? சொட்டு எண்ணெயத் தொட்டு இந்த உள்ளங்கையில தேச்சிக்கினு பொழுதன்னைக்கும் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அரிப்பு இல்ல, எரிச்சல் இல்ல. இந்தக் கையப் பாருங்களேன். முப்பது வருஷம் முந்திரி ஒடச்ச கை. தொட்டுப் பாருங்க, பரவால்ல. செருப்புத் தோலுன்னு எங்க குழுவுல இருக்கற அஞ்சலை சொல்லுவா. "அக்கா, உன் கையில நெருப்புக் கங்க வெச்சாலும் உனக்குத் தெரியாது, அதுல போயி சோதன பண்றியா?"ன்னு பிற்பாடு எல்லாரு எதிர்லயும் கேட்டா. அவளுக்குத் தலைவி பதவி மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு.

ரெண்டு கோட்டு அடிச்சோம். "தம்பி, மூணு நாளு காயணும், உக்காராதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புனேன். அவுராவது உக்காராம இருக்கறதாவது! அடுத்த நாள் தெறப்பு. வெயிலு மண்டையப் பொளக்குது. வெள்ள வேட்டி கட்டிக்கினு, வேர்வையோட, நாலு மணி நேரம் அந்த நாற்காலிய வுட்டு எழுந்திருக்கவே இல்ல. பி.டி.ஓ அந்தப் பளபளப்பப் பாத்துட்டு, "எந்தக் கம்பெனி?"ன்னாரு. "எங்க அண்ணி"ன்னாரு இவுரு. எனக்கு அப்பிடியே புல்லரிச்சிப் போச்சி. பாவம், அவுருக்கும் அரிக்க ஆரம்பிச்சிருக்கும், எனக்குத் தெரியல.

மறுநாள் காலையில கொழுந்தன் பொண்டாட்டி வெண்ணிலா ஓடி வந்தா. "அக்கா, உங்க தம்பிக்கு உக்கார முடியல. கவுந்தே படுத்திருக்காரு. கொப்புளம் கொப்புளமா..." சொல்லும்போதே அவ உதடு துடிக்குது. அழுவறாளோன்னு பாத்தேன். சிரிப்ப அடக்கறா! நான் சிரிக்கலம்மா. எங்க குலதெய்வத்து மேல சத்தியமா அவ எதிர்ல சிரிக்கல. மாட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டேன்.

சிரிக்காதீங்கம்மா, ஒரு மனுசன் வேதனை. பத்தொம்போது நாளு. பத்தொம்போது நாளும் அவுரால எங்கயும் உக்கார முடியல. வெளிய சொல்லவும் முடியல. ஒரு பிரசிடெண்ட்டு போயி எனக்கு இந்த எடத்துல இப்பிடின்னு சொல்லுவாரா? அதனால நின்னாரு. ஆபீஸுல நின்னுக்கினே எவ்வளவு நேரம் நிப்பாரு? நடக்க ஆரம்பிச்சாரு. தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்தாரு. அங்க மோட்டார் போடறவன் கட்டில் போட்டுத் தூங்கறான். அன்னைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சி. ரேஷன் கடைக்கு நடந்தாரு, அங்க எடை தராசு சரியாச்சி. தெருவெளக்கு ஏழு எரிஞ்சிது. மே ஒண்ணாந் தேதி கிராம சபை, வழக்கமா சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். இவுரு நின்னுக்கினே நடத்துனாரு, ஒவ்வொரு மனுவுக்கும் "ஆவட்டும், ஆவட்டும், அடுத்தது", முக்கா மணி நேரத்துல முடிச்சாரு. ஊரே வாயப் பொளந்துடுச்சி. "தணிகாசலத்துக்கு என்னாடி ஆச்சி, தெய்வம் கிய்வம் ஏறிடுச்சா?"ன்னு எங்கிட்டயே கேக்கறாங்க. நான் என்னாத்தச் சொல்ல?

இன்னொன்னு கேளுங்க. எங்க ஊரு வாய்க்காலுக்கு ஒரு சின்னப் பாலம், நாலு வருஷமா பேப்பர்லயே கெடந்துச்சி. அதுக்காக யூனியன் ஆபீஸுக்குப் போனாரு. அங்க ஆபீசரு, "உக்காருங்க தலைவரே"ன்னாரு. "இல்ல சார், நிக்கறேன்." "அட உக்காருங்க." "வேணாம் சார், நிக்கறேன்." டீ வந்துச்சி, நின்னுக்கினே குடிச்சாரு. ஒண்ணர மணி நேரம்! ஆபீசருக்கு வேர்த்துடுச்சி. போராட்டம் பண்றாருன்னு நெனைச்சிக்கிட்டாரு. வந்தவன் போனவன் எல்லாம் எட்டிப் பாக்கறான், ஒருத்தன் செல்லுல படம் புடிக்கறான். மூணு மணிக்கெல்லாம் கையெழுத்து ஆயிடுச்சி. பாலம் இன்னைக்கு நிக்குது, வந்தீங்கன்னா காட்டறேன். கல்வெட்டுல அவுரு பேருதான் இருக்கு, எங்க குழு பேரு இல்ல.

நெல்லிக்குப்பம் வந்துடுச்சா? சக்கர ஆல வாசனை அடிக்குதே. ஜன்னல மூடுங்க, எனக்கு ஆவாது அந்தப் பாவு வாசனை.

எங்க வுட்டேன்? ஆங். இருவதாவது நாளு கொழுந்தனாருக்கு ஆறிடுச்சி. உக்காந்துட்டாரு. வேற நாற்காலிதான், பிளாஸ்டிக்கு. உக்காந்த அன்னைக்கே பழையபடி "பாக்கலாம்" ஆரம்பிச்சிடுச்சி. ஒரு வாரத்துல மறுபடியும் தண்ணி நின்னுடுச்சி. எங்க தெரு பொம்பளைங்க நாலு பேரு முந்தானையில வாயப் பொத்திக்கினு எங்கிட்ட வர்றாங்க. "திலகா, அந்த வார்னிஷு மிச்சம் இருக்குதா? பிளாஸ்டிக்குலயும் ஒட்டுமா?"ன்னு. நான் அப்பிடிப்பட்டவளா? ஒட்டாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மிச்சம் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல. ஒரு டப்பா. கீழ ஊத்துனா மண்ணு கெட்டுப் போயிடும், நாம சுற்றுச்சூழல் வார்னிஷு பண்றவங்க. பத்தரமா எடுத்து வெச்சேன். அடையாளத்துக்குச் சிவப்பு மூடி போட்டேன். அதுக்கப்பறம் காய்ச்சுனது எல்லாம் நீலம். இப்போல்லாம் தெர்மாமீட்டர் வெக்கறோம், நுரை கடைசிச் சொட்டு வரைக்கும் அடங்கணும். கையில தடவிப் பாக்கறதுக்கும் நல்ல கையாத் தேடினோம். ஊருலயே மெதுவான கை யாருதுன்னு அஞ்சலை யோசிச்சி யோசிச்சி, எங்க வூட்டுக்காரரக் காட்டினா. ஒரு கொடம் தண்ணி தூக்காத கைம்மா அது! தாமரைப் பூவாட்டம் இருக்கும். இருவத்தாறு அண்டா தடவியாச்சி, ஒரு சின்னக் கொப்புளம் இல்ல. வாழ்க்கையில மொத மொதலா அந்த மனுசன் ஒரு வேல செய்யறாரு.

அதனாலதான் நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், நீல டப்பா சொக்கத் தங்கம். பி.டி.ஓவும் பெஞ்சு வேலைய இல்லன்னு சொல்லல. முந்நூறு பெஞ்சும் உங்களுக்குத்தான், ஆனா புள்ளைங்க உக்கார்றது, ஒடம்புக்குக் கெடுதல் இல்லன்னு கடலூரு ஆபீஸுலேருந்து ஒரு பேப்பர் வாங்கிக்கினு வாங்கன்னாரு. நியாயம்தானே? கொழுந்தனாரப் பாத்தப்பறம் நானே அதத்தான் சொல்லுவேன். சேம்பிளு குடுத்தோம். லேபுக்குப் போச்சி. லேபுக்காரங்க ரெண்டு மாசத்துல நல்லா இருக்குதுன்னு எழுதி அனுப்பிட்டாங்க. எழுதுன பேப்பர் ஃபைல்ல இருக்குது. என் கண்ணால பாத்தேன். அத எடுத்து, மேல இருக்கற ஆபீசரு மேசைக்கு அனுப்பணும். அவ்வளவுதான் வேல. அனுப்ப வேண்டியது ஒரே ஒருத்தங்க.

எட்டு மாசம் ஆவுதும்மா.

பதினாலு தடவ வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சி, அது கெடக்கட்டும். வரும்போது மிச்சம் பத்து பேரும் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து அனுப்புவாங்க. திரும்பிப் போனா அதே எடத்துல நிப்பாங்க. "ஆயிடுச்சாக்கா?" நான் இல்லன்னு தலைய ஆட்டுவேன். ஒவ்வொருத்தரா வேலைக்குத் திரும்பிப் போயிடுவாங்க. அஞ்சலை மட்டும், என்னக் கண்டா எரிஞ்சி வுழுவறவ, போன தடவ என் பையை வாங்கிக்கினு கூடவே நடந்து வந்தா. அதுதாம்மா எனக்குத் தாங்கல. வூட்டுக்குப் போயி அழுதுட்டேன். அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இந்த வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. அன்னைக்குள்ள பேப்பர் வரலன்னா தின்னரு வார்னிஷு காண்ட்ராக்டருக்குக் குடுத்துடுவாங்க. எங்களுக்குப் பழையபடி கொட்டைதான், சூளைக்காரனுக்குத் தோடுதான்.

போன வாரம் அந்த ஆபீஸுல பக்கத்து சீட்டு சாரு கேலியா ஒண்ணு சொன்னாரு. "ஏம்மா, சும்மா சும்மா வர்றியே, உன் வார்னிஷ எங்க நாற்காலிங்களுக்கு அடிச்சிக் காட்டேன், பாக்கறோம்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். ஆபீஸுல சொன்னா அது உத்தரவுதானே? அதான் பிரஷ்ஷு, உப்புத்தாளு, டப்பா எல்லாம் எடுத்துக்கினு கெளம்பிட்டேன். மர நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது அங்க. மேல ரோஸு கலர்ல பூப்போட்ட துண்டு போட்டிருக்கும்.

ரெண்டு டப்பா எதுக்குன்னு பாக்கறீங்களா? நீலத்தத் தொறக்கணும்னுதாம்மா எனக்கு ஆசை. சாமி சத்தியமா. ஆனா கொழுந்தனாரு நெனப்பு வருதா இல்லியா? நாலு வருஷமா ஆவாத பாலத்துக்கு, பத்தொம்போது நாளுல கையெழுத்து வந்துச்சி. நல்லது கெட்டது ரெண்டும் கையில இருக்கட்டுமேன்னு எடுத்துக்கினு வந்தேன். பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஃபைல் மேல போயிடுச்சின்னா நீலம். இல்லன்னா, வயசாயிடுச்சி, கண்ணு சரியாத் தெரியல, எந்த மூடியத் தொறந்தேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்.

என்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி? தண்ணி குடிக்கிறீங்களா? இந்தாங்க, பானத் தண்ணி.

குடிங்க மேடம்.

ஆமாம், மேடம்தான். எழிலரசி மேடம். மேசை மேல பேரு எழுதி வெச்சிருக்குதே, பதினாலு தடவ படிச்சிருக்கறேன். உங்க எதிர்லதான் நின்னேன். "அடுத்த வாரம் வாங்க"ன்னு சொன்னீங்க. ஒரு தடவகூட தல நிமிர்ந்து பாக்கல. அதனால எனக்கு உங்க வகிடு தெரியும், உங்க நாற்காலியில போட்டிருக்கற ரோஸு துண்டு தெரியும், பச்சைக் கல்லு கிளிப்பு தெரியும், அதுல ஒரு கல்லு ஆடிமாசம் வுழுந்துச்சி, அதுவும் தெரியும். மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கறேன். லட்சணமா இருக்கீங்க. கிளிப்பப் பாத்துட்டுத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன், பின்னால ரெண்டு சீட்டு காலியா இருந்தும். ஒரே ஒரு தடவ என்ன நிமிர்ந்து பாத்திருந்தா, இந்தச் செருப்புத்தோல் கைக்காரி இவதான்னு நான் ஏறும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எழுந்து போயிருப்பீங்க.

கோவமா இருந்துச்சி மேடம். இப்போ இல்ல. இவ்வளவு நேரம் நீங்க என் மூஞ்சியப் பாத்துக் கேட்டீங்கல்ல, பாதி கோவம் போயிடுச்சி. நடுவுல சிரிச்சீங்க வேற. மிச்சப் பாதி பன்னெண்டு மணிக்குப் போயிடும்.

செம்மண்டலம் வருதுங்க. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குது நாம எறங்க.

அட, ஏன் மேடம் எழுந்து நிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க. பஸ் சீட்டுக்கு நான் ஒண்ணும் பூசல.